பறக்கும் தட்டும் பாதாளக் கரண்டியும்

அமெரிக்கா போய் இறங்கிய மறுநாள் நான் செய்த முதல் காரியம், ஒரு விளையாட்டுச் சாதனத்துக்குள் வேர்க்கடலைத் தோலைக் கொட்டியது.

தெரியாமல்தான் கொட்டினேன். மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பூங்கா. அங்கே இடுப்பு உயரத்தில் ஒரு கம்பிக் கூடை. நடுவில் கம்பம். கம்பத்தின் தலையில் மஞ்சளாக ஒரு வளையம். வளையத்திலிருந்து பந்தலில் பூச்சரம் தொங்குவது போல சுற்றிலும் இரும்புச் சங்கிலிகள். "குப்பைத்தொட்டியைக்கூட எவ்வளவு கலைநயமா பண்ணியிருக்கான் பாரு!" என்று மனைவியிடம் வியந்துவிட்டு, கையில் இருந்த தோலையெல்லாம் அதில் போட்டேன். எல்லாம் கம்பி இடுக்கு வழியாகப் புல் மேல் கொட்டியது.

"கலைநயம் இருக்கு, அடிதான் இல்லை" என்றாள் இவள்.

அப்போது பின்னாலிருந்து "ஃபோர்!" என்று ஓர் அலறல். 'எது நாலு?' என்று நான் திரும்புவதற்குள் சிவப்பாக ஒரு தட்டு விர்ரென்று பறந்து வந்து என் செருப்புக்கு இரண்டடி தள்ளிச் செருகி நின்றது. தாடி வைத்த ஒரு இளைஞன் ஓடி வந்து மூன்று தடவை ஸாரி சொன்னான். பிறகு கூடையைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஒன்றும் பேசாமல் குனிந்து எங்களோடு சேர்ந்து கடலைத் தோல் பொறுக்கினான். நியாயப்படி ஸாரி சொல்ல வேண்டியவன் நான்.

அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் இதைச் சொன்னபோது, தலையைத் தூக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் பேரன் முதல் தடவையாக நிமிர்ந்தான். "தாத்தா, பாஸ்கெட்லயா போட்டீங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். என் மகள் கரண்டியை அப்படியே பிடித்தபடி அவனைப் பார்த்தாள். அவன் சிரித்து மூன்று மாதம் ஆகிறதாம்.

*

ஊர், வட கரோலினாவில் சார்லட். எங்கே பார்த்தாலும் பைன் மரம். அதற்குக் கீழே அசல் நம் ஊர்ச் செம்மண். செருப்பில் ஒட்டினால் கோயில் வாசலில் விட்டுவிட்டு வர வேண்டியதுதான், அப்படி ஒரு ஒட்டு.

பேரனுக்குப் பதின்மூன்று வயது. பெயரைப் போடக் கூடாது என்று நிபந்தனை விதித்திருக்கிறான். அவனுக்கு ஒரே ஒரு சிநேகிதன். அந்தப் பையனின் அப்பாவுக்கு வேலை மாற்றல் வந்து, ஜனவரியில் குடும்பத்தோடு சியாட்டில் போய்விட்டார்கள். அங்கேயிருந்து ஆரம்பத்தில் தினம் பேச்சு. பிறகு வாரம் ஒருமுறை. பிறகு அதுவும் நின்றது. நம்மவன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். பள்ளிக்கூடம் உண்டு, தான் உண்டு, திரை உண்டு.

"அப்பா, நீங்க இருக்கப்போறது மூணு மாசம். அதுக்குள்ள எப்படியாவது அவனை ரூமை விட்டு வெளியே கொண்டாந்துடுங்க" என்றாள் மகள் தனியாக. எனக்கு வயது 68. இதயத்தில் ஒரு ஸ்டென்ட். இருபது மணி நேரத்துக்கு மேல் பிரயாணம் இன்னொரு தடவை ஒத்துக்கொள்ளுமா என்பது டாக்டருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். ஆகவே இந்த மூன்று மாதத்தை நான் அலட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது.

கடலைத் தோல் வழி காட்டியது. "அது என்ன விளையாட்டுடா கண்ணா? எனக்குக் கற்றுக்கொடேன்" என்றேன்.

"போர் அடிக்கும் தாத்தா" என்றான். ஆனால் மாடிக்குப் போய் ஒரு பையை எடுத்துக்கொண்டு வந்தான்.

*

இதன் பெயர் டிஸ்க் கோல்ஃப். கோல்ஃப் தெரியும் இல்லையா? பெரிய மனிதர்கள் தொப்பி போட்டுக்கொண்டு, தடியால் பந்தை அடித்து, ஊர்க்கோடியில் இருக்கும் குழியில் தள்ளுவார்கள். இதில் தடி கிடையாது, பந்து கிடையாது, குழியும் கிடையாது. பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலிக் கூடை. குறைந்த எறிகளில் கூடைக்குள் போடுகிறவன் ஜெயித்தான். குழி இல்லாவிட்டாலும் கூடையை 'ஹோல்' என்றுதான் சொல்கிறார்கள். வயிறே இல்லாதவருக்கு குண்டப்பன் என்று பெயர் வைப்பதில்லையா, அது போல.

தட்டு என்றதும் கடற்கரையில் குழந்தைகள் வீசும் பெரிய ஃபிரிஸ்பீயை நினைக்காதீர்கள். இது அதைவிடச் சின்னது, கனமானது. குறுக்களவு சுமார் 21 சென்டிமீட்டர், எடை 170 கிராம் வாக்கில். தூரம் போவதற்கு விளிம்பு கூரான தட்டு, நடுத்தர தூரத்துக்கு வேறு, பக்கத்திலிருந்து கூடைக்குள் போட இன்னொன்று. ஒவ்வொரு தட்டின் மேலும் நான்கு எண்கள் அச்சிட்டிருக்கிறார்கள். வேகம் எவ்வளவு, எவ்வளவு நேரம் மிதக்கும், பாதி வழியில் எந்தப் பக்கம் திரும்பும், கடைசியில் எந்தப் பக்கம் சாயும். பொருளோடு சேர்த்தே ஜாதகத்தையும் கொடுத்துவிடுகிறார்கள். நமக்கெல்லாம் பிறந்த பிறகுதான் கணிக்கிறார்கள். அப்படியும் தப்பாகக் கணிக்கிறார்கள்.

வலது கைக்காரன் நெஞ்சுக்குக் குறுக்கே கையை இழுத்து எறிந்தால், தட்டு வேகம் குறையும்போது இடப்பக்கம் சாயும். இது விதி. "அது சுத்திக்கிட்டே இருக்கிற வரைக்கும் நேரா போகும் தாத்தா. சுத்து குறைஞ்சா விழுந்துடும்" என்றான் பேரன். ரிட்டயர் ஆனவர்களுக்கு வாழ்க்கையைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

இந்த விளையாட்டு பிறந்த கதையும் சமையலறையில் ஆரம்பிக்கிற கதைதான். கனெக்டிகட் மாநிலத்தில் ஃபிரிஸ்பி என்று ஒரு பேக்கரி. அவர்களுடைய தகரத் தட்டுகளை, பண்டத்தைத் தின்றுவிட்டு மாணவர்கள் வீசி விளையாடினார்களாம். இன்னொரு பக்கம் கலிஃபோர்னியாவில் ஃபிரெட் மாரிசன் என்பவர், கடற்கரையில் தன் காதலியோடு கேக் தட்டு ஒன்றை வீசிக்கொண்டிருந்தார். ஐந்து சென்ட் தட்டு. பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், 'எனக்குத் தருகிறாயா, இருபத்தைந்து சென்ட் தருகிறேன்' என்றார். தட்டில் சாப்பாடு இல்லாமலேயே ஐந்து மடங்கு விலை! மாரிசன் பிழைக்கத் தெரிந்தவர். அவர் வடிவமைத்த பிளாஸ்டிக் தட்டை வாம்-ஓ கம்பெனி 1957-ல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. பேக்கரியின் பெயரை லேசாக மாற்றி ஃபிரிஸ்பீ என்றார்கள்.

அதே கம்பெனியில் எட் ஹெட்ரிக் என்பவர் வேலை பார்த்தார். தட்டின் மேல் வரிவரியாகக் கோடுகள் போட்டு, அது ஆடாமல் பறக்கும்படி திருத்தி, 1967-ல் காப்புரிமை வாங்கினார். 1975-ல் கலிஃபோர்னியாவில் ஓக் குரோவ் என்ற பூங்காவில் முதல் நிரந்தர டிஸ்க் கோல்ஃப் மைதானத்தை அமைத்தார். அப்போது கூடை கிடையாது. வெறும் கம்பம். தட்டு பட்டால் முடிந்தது. பட்டதா, படவில்லையா என்று தினம் தகராறு. கிட்டிப்புள்ளில் நாம் பார்க்காத தகராறா? நாம் சண்டை போட்டு டூ விட்டோம். ஹெட்ரிக் சங்கிலி கட்டி, கீழே கூடை வைத்தார். பட்டால் சத்தம் வரும், விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். வழக்கு முடிந்தது.

2002-ல் அவர் காலமானபோது, அவருடைய விருப்பப்படி அஸ்தியை பிளாஸ்டிக்கில் கலந்து பறக்கும் தட்டுகள் வார்த்தார்கள். நாம் ஆற்றில் கரைப்போம், அவர் தட்டில் கரைந்தார். இதைக் கேட்டதும் இவள் என்னை ஒரு மாதிரி பார்த்து, "உங்களை எதுல கலக்கிறது? சீட்டுக் கட்டுலதான்" என்றாள்.

*

சார்லட் இந்த விளையாட்டுக்குப் பேர் போன ஊர். 2012-ல் உலகச் சாம்பியன் போட்டி இங்கேதான் நடந்தது. இருந்தாலும் எங்கள் பூங்காவில் இருந்தது சின்ன மைதானம். ஒன்பதே கூடைகள். மார்ச்சில்தான் திறந்தார்கள். டிக்கெட் கிடையாது, மெம்பர் கிடையாது, காவலாளி கிடையாது. தட்டு கையில் இருந்தால் யாரும் போய் ஆடலாம். நம் பூங்காக்களின் பலகைகளில் என்னென்ன கூடாது என்று பத்து வரி எழுதியிருப்பதைப் படித்துப் பழகிய எனக்கு, 'இங்கே நின்று எறியவும்' என்று எழுதியிருந்த பலகையைப் பார்த்ததும் கண் கலங்கியது.

முதல் கூடை 200 அடியில் இருந்தது. முதல் எறி என்னுடையது. கிருஷ்ண பரமாத்மா, மருது சகோதரர்கள் இருவரையும் மனதில் நினைத்துக்கொண்டேன். ஒருவர் சக்கரம் விட்டவர், மற்றவர்கள் வளரி வீசியவர்கள். சக்கரம் திரும்பி வரும், வளரி ஆளைச் சாய்க்கும். என் தட்டு இரண்டும் செய்யவில்லை. சமர்த்தாகப் பக்கத்தில் இருந்த புதருக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

எடுக்கப் போன என்னைப் பேரன் சட்டையைப் பிடித்து இழுத்தான். "தாத்தா, மூணு இலை!"

பார்த்தேன். மூன்று மூன்று இலையாகப் பச்சைப் பசேல் என்று ஒரு கொடி. நம் ஊரில் மூன்று இலை சேர்ந்திருந்தால் வில்வம் என்று சிவனுக்குப் போடுவோம். இங்கே அதற்குப் பாய்சன் ஐவி என்று பெயர். தொட்டால் இரண்டு வாரத்துக்கு நாம் ருத்ர தாண்டவம் ஆட வேண்டியதுதான்.

இப்படியாக ஒன்பது கூடைகளையும் முடித்தேன். கூடைக்கு மூன்று எறி வீதம் 27-ல் முடிக்க வேண்டும். பேரன் 31. நான் 68. கோல்ஃபில் தன் வயது எவ்வளவோ அவ்வளவு எண்ணிக்கையில் ஆட்டத்தை முடிப்பது பெரிய கௌரவமாம். பழம்பெரும் ஆட்டக்காரர்களுக்கே எப்போதோ வாய்க்குமாம். நான் முதல் நாளே சாதித்துவிட்டேன். அவர்கள் பதினெட்டுக் குழியில் செய்வதை நான் ஒன்பதே கூடையில் செய்தேன் என்பதையும் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் அவன் பேசியது, முந்தைய இரண்டு வாரத்தில் பேசியதைவிட அதிகம். எதிரெதிரே உட்காரவைத்து 'பேசுடா' என்றால் எந்தப் பிள்ளை பேசுவான்? பக்கத்தில் நடக்க வேண்டும். நடுவில் தேடுவதற்கு ஏதாவது தொலைந்திருக்க வேண்டும்.

தினம் சாயங்காலம் போனோம். 2021 உலகச் சாம்பியன் போட்டியில் ஜேம்ஸ் கான்ராட் கடைசிக் கூடைக்கு 247 அடி தூரத்திலிருந்து எறிந்து, நேராகச் சங்கிலியில் விழவைத்த காட்சியைப் போனில் பத்துத் தடவை போட்டுக் காட்டினான். அது விழாவிட்டால் அவர் தோற்றிருப்பார். விழுந்ததால் ஆட்டம் சமனாகி, பிறகு சாம்பியனும் ஆனார். ஒவ்வொரு தடவையும் விழுமோ விழாதோ என்று எனக்குப் படபடப்பு. ஸ்டென்ட் நல்ல ஸ்டென்ட்.

*

இப்போது ஏழாவது கூடைக்கு வருகிறேன். நான்கு நாள் தள்ளிப்போட்டுத்தான் இந்தப் பத்தியை எழுதுகிறேன்.

ஏழாவதில் குறுக்கே ஒரு குளம் இருக்கிறது. கரையோரமாக இரண்டு எறியில் சுற்றிப் போகலாம். துணிந்தவர்கள் குளத்தின் மூலையைத் தாண்டி ஒரே எறியில் போவார்கள். பேரன் தன் பையிலிருந்து ஆரஞ்சு நிறத் தட்டு ஒன்றை எடுத்தான். அதுவரை அதை யார் கையிலும் கொடுத்ததில்லை. "இது நேரா போகும் தாத்தா. இதால கரை வழியா போடுங்க" என்றான்.

திருப்பிப் பார்த்தேன். அடியில் கறுப்பு மார்க்கரில் ஒரு பெயர், ஒரு டெலிபோன் நம்பர். சியாட்டில் போன அந்தச் சிநேகிதனின் பெயர். போகும்போது கொடுத்துவிட்டுப் போனானாம்.

இங்கே எல்லோரும் தட்டின் அடியில் பெயரும் நம்பரும் எழுதிவைக்கிறார்கள். நாம் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது மாதிரிதான். யாராவது கண்டெடுத்தால் கூப்பிட்டுக் கொடுத்துவிட வேண்டும் என்பது இந்த ஆட்டத்தின் எழுதாத சட்டம்.

அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வயதான மனுஷன் ஒழுங்காகக் கரை வழியாகப் போட்டிருக்கலாம் அல்லவா? அன்றைக்கு ஆறாவதில் நான்கே எறியில் முடித்திருந்தேன். தலைக்கனம். ஜேம்ஸ் கான்ராட் என் தோளில் வந்து உட்கார்ந்தார். "தாத்தா, வேண்டாம்!" என்று அவன் சொல்லச் சொல்ல, குளத்துக்கு மேல் வீசினேன்.

நேராகத்தான் போனது. பையன் பொய் சொல்லவில்லை. சுற்று குறைந்தது. குளத்தின் நடுவாக்கில் இடப்பக்கம் சாய்ந்தது. 'க்ளக்' என்று ஒரு சத்தம். இந்தத் தட்டுகளில் பெரும்பாலானவை மிதக்காது. இதுவும் மிதக்கவில்லை.

"இட்ஸ் ஃபைன் தாத்தா" என்றான்.

இட்ஸ் ஃபைன் என்றால் ஃபைனாக இல்லை என்று அர்த்தம். நம் வீடுகளில் 'பரவாயில்லை' என்பதற்கு என்ன அர்த்தமோ, அதே. எட்டாவது, ஒன்பதாவது ஆடாமல் வீட்டுக்கு வந்தோம். மாடியில் கதவு சாத்தப்பட்டது. மூன்று வாரமாகத் திறந்து வைத்ததை, ஓர் எறியில் நானே சாத்திவிட்டேன். மகள் ஒன்றும் கேட்கவில்லை. மனைவி மட்டும், "குழந்தை வேண்டாம்னு சொன்னானாமே" என்றாள். அதற்குப் பிறகு நான் தூங்கவில்லை.

*

விடியற்காலை ஐந்தரைக்கு எனக்கு ஒரு ஞானோதயம். பாதாளக் கரண்டி!

இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டுக்கு வீடு கிணறு இருந்த காலத்தில் வாளியும் குடமும் அடிக்கடி உள்ளே விழும். எடுக்க ஓர் இரும்பு வளையம், சுற்றிலும் கொக்கி கொக்கியாகத் தொங்கும். கயிற்றில் கட்டி இறக்கித் துழாவினால் மாட்டிக்கொண்டு வரும். எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் அது இருந்தது. சும்மா தரமாட்டார்கள். ஒரு சொம்பையோ குடத்தையோ ஈடு வைத்துவிட்டுத்தான் எடுத்துப் போக வேண்டும்.

மாப்பிள்ளையின் கராஜில் இலை வாரும் இரும்பு வாரி ஒன்று கிடந்தது. பிடியைக் கழற்றிவிட்டு, தலையில் நைலான் கயிற்றைக் கட்டினேன். ஈடாக என் மூக்குக் கண்ணாடிக் கூட்டை ஆணியில் மாட்டிவிட்டுப் போனேன். சம்பிரதாயத்தை விடக் கூடாது.

'குளத்தில் இறங்கக் கூடாது' என்று பலகை இருந்தது. ஆக இங்கேயும் ஒரு கூடாது இருக்கிறது. இறங்கவில்லை. கரையில் நின்றே வீசினேன். வாரி பத்தடி போய் விழுந்தது. வாத்துக்கு அண்ணன் மாதிரி இருக்கும் கனடா கூஸ் ஒன்று வந்து என்னைக் கன்னாபின்னாவென்று திட்டியது.

"என்ன மீன் பிடிக்கிறீர்கள்?" என்று ஒரு குரல்.

நாயோடு தினம் காலையில் நடக்க வரும் வெள்ளைக்காரக் கிழவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான்காவது கூடைக்குப் போகும் வழியில் ஒரு பெஞ்சில் உட்காருவார். அந்த பெஞ்சில் சின்னதாக ஒரு பித்தளைத் தகடு, அதில் அவருடைய காலஞ்சென்ற மனைவியின் பெயர். அவர் உட்காருகிற இடத்துக்கு மேலேதான் பையன்களின் தட்டுகள் பறந்தன. குடியிருப்போர் கூட்டத்தில் இந்த மைதானம் வேண்டாம் என்று முதலில் கை தூக்கியவர் அவர் என்று மகள் சொல்லியிருந்தாள். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. மனைவியோடு பேச வந்த இடத்தில் யாரோ 'ஃபோர்' என்று கத்தினால்?

(இதை இவளிடம் சொன்னபோது, "எனக்குப் பின்னால பெஞ்செல்லாம் போட வேண்டாம். இருக்கும்போதே ஒரு இடத்துல நிம்மதியா உட்கார விடுங்க, போதும்" என்றாள்.)

என் இங்கிலீஷில் விஷயத்தைச் சொன்னேன். பேரன், சிநேகிதன், ஆரஞ்சுத் தட்டு, தலைக்கனம். கேட்டுவிட்டுக் கயிற்றை வாங்கிக்கொண்டார். "ஐம்பது வருஷம் மீன் பிடித்த கை இது" என்று சொல்லி ஒரு வீசு. குளத்தின் நடுவில் போய் விழுந்தது.

மூன்று காலை துழாவினோம். ஒரு குடை வந்தது. இடது கால் ஷூ ஒன்று வந்தது. தட்டுகள் ஏழு வந்தன. நீலம், பச்சை, சிவப்பு, ஒன்று பாதி கடித்தது. ஆரஞ்சு மட்டும் வரவில்லை.

நான்காம் நாள் ஏழு தட்டுகளையும் கழுவித் துடைத்து, பேரனின் அறை வாசலில் வைத்தேன். "கண்ணா, உன்னுது கிடைக்கலை. மன்னிச்சுக்கோ. ஆனா இதுல அஞ்சுல நம்பர் இருக்கு. இவங்களும் தொலைச்சவங்கதானே. எனக்கு இந்த ஊர் மெஸேஜ் அனுப்பத் தெரியாது" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. தட்டுகளைப் பார்த்தான். என் கையில் கயிறு அறுத்த கோடுகளைப் பார்த்தான். "மூணு நாளா இதான் பண்ணீங்களா?" என்று கேட்டான். பிறகு போனை எடுத்தான்.

ஐந்து பேரும் பூங்காவுக்கு வந்து வாங்கிக்கொண்டார்கள். ஒருவர் லாரி டிரைவர். ஒருவர் ராத்திரி ட்யூட்டி முடித்து நேராக வந்த நர்ஸ். ஒருவன் யார் என்கிறீர்கள்? என் செருப்பைக் குறிவைத்த அதே தாடிக்காரன். இன்னும் இருவர் பேரன் வயதையொட்டிய பையனும் பெண்ணும், அண்ணன் தங்கை. சனிக்கிழமை காலையில் ஆடுவார்களாம். "நீயும் வாயேன்" என்றார்கள். நம்மவன் என்னைப் பார்த்தான். 'போ' என்று நான் கண்ணைக் காட்டியதை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை அவர்களோடு ஆடும்போது நான்காவதில் பேரன் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தியதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். பெஞ்சில் கிழவர் இருந்தார். அவர் எழுந்து போகிறவரை நால்வரும் காத்திருந்தார்கள். வழியில் ஆள் இருந்தால் எறியக் கூடாது என்பது ஆட்டத்தின் விதிதான். இவர்கள் ஒரு படி மேலே போய்ப் பேச்சையும் நிறுத்திக்கொண்டார்கள். அதற்கடுத்த வாரம் கிழவர் அவர்களைப் பார்த்ததும் தானே தொப்பியைக் கழற்றி ஆட்டி, 'எறியுங்கள், நான் எழுந்துவிட்டேன்' என்று சைகை காட்ட ஆரம்பித்தார். கூட்டம் போட்டுப் பேசித் தீராததைத் தொப்பி தீர்த்தது.

ஜூலை முதல் வாரம் ஊர் திரும்பினோம். என் கடைசி ஆட்டத்தின் கணக்கு 51. ஏழாவதில் கரை வழியாகவே போனேன்.

*

சென்ற வாரம் காலை ஆறரை மணி. காபி கூட இறங்கவில்லை, அதற்குள் போன். அங்கே அவர்களுக்கு முந்தின நாள் ராத்திரி ஒன்பது.

"தாத்தா! ஆரஞ்சு கிடைச்சுடுச்சு!"

வெயிலில் குளத்துத் தண்ணீர் இறங்கிவிட்டதாம். கரையோரச் சேற்றில் ஒரு சின்னப் பையன் பார்த்து எடுத்து, அவனுடைய அப்பா அடியில் இருந்த நம்பரைக் கூப்பிட்டிருக்கிறார். யார் நம்பர்? சியாட்டில் பையனுடையது! 'சார்லட் குளத்தில் உன் தட்டு கிடக்கிறது' என்று யாரோ சொன்னால் அவனுக்கு எப்படி இருக்கும்? உடனே நம்மவனைக் கூப்பிட்டிருக்கிறான். மாதக்கணக்கில் பேசாதவர்கள் இரண்டு மணி நேரம் பேசினார்களாம். புது ஊரில் தனக்கும் யாருமில்லை என்பதால்தான் பேசப் பிடிக்காமல் இருந்தானாம் அவன்.

"நீங்க போட்டதுதான் தாத்தா பெஸ்ட் த்ரோ" என்றான் பேரன். எட்டாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே சர்ட்டிஃபிகேட்.

இந்த உற்சாகத்தில் அன்று சாயங்காலமே மொட்டைமாடியில் ஒரு மைதானம் அமைத்தேன். பழைய ஊஞ்சல் சங்கிலியைத் துணிக்கொடிக் கம்பத்தில் மாட்டி, கீழே அன்னக்கூடையை வைத்தேன். தட்டுக்கு எங்கே போவது? சமையலறையில் இருந்து ஒரு சின்ன எவர்சில்வர் தட்டைக் கடத்திக்கொண்டு வந்தேன். முதல் எறி. நேராகப் போனது. சுற்று குறைந்தது. இடப்பக்கம் சாய்ந்தது. கைப்பிடிச்சுவரைத் தாண்டி, பக்கத்துத் தெருவில் 'டணால்'.

பத்து நிமிடத்தில் காலிங் பெல். பின்வீட்டுப் பையன், கையில் தட்டு. "அடியில பாட்டி பேர் வெட்டியிருந்துச்சு தாத்தா. அதான் கொண்டாந்தேன்."

இவள் தட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால சீர்ப் பாத்திரத்துல எங்கப்பா பேர் வெட்டினப்போ, எதுக்கு வீண்செலவுன்னு கேட்டீங்களே. இன்னிக்குத் தெரியுதா?" என்று சொல்லிவிட்டு, தட்டு அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

இரண்டு நாளாக வாழை இலையில் சாப்பிடுகிறேன்.